வெளுக்க முடியாத லேஸ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு அழுகிப்போகட்டும். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். ராஜாக்கள் பொய்முடி வைத்துத் திரிந்த காலம். அந்த ஊரில் வெட்கப்படுவது திருடியவர் அல்ல, திருடுபோன பொருள். திருட்டுத்தனமாகக் கடை வாசலைத் தாண்டிய எதுவும் அப்படியே சிவந்துவிடும். விவரமான திருடர்கள் சிவப்புத் துணியாகப் பார்த்துத்தான் கைவைப்பார்கள்.

துணி வெளுத்துப் பிழைத்த ஹெஸ்டருக்கோ வெள்ளை லேஸ்தான் வேண்டியிருந்தது. பேத்தியின் ஞானஸ்நானத் தொப்பிக்கு. ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவளுக்கு இந்தச் சிவப்பு எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டாள். பிராக் என்பவரின் துணிக்கடையில் ஒரு துண்டு லேஸை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு வந்து, சாம்பல் தண்ணீரில் போட்டு வேகவைத்தாள். லேஸ் சிவப்பாகவே கிடந்தது. கொட்டிய தண்ணீர் சாக்கடை வழியே சிவப்பாக ஓடி, நேரே பிராக் கடை வாசலில் போய் நின்றது.

ஐந்து ஷில்லிங் பெறுகிற பொருளைக் கடையிலிருந்து எடுத்தால் தூக்கு. கூண்டில் நின்ற ஹெஸ்டரின் முகம் வெள்ளைவெளேரென்று இருந்தது. மேசைமேல் லேஸ் அவளுக்காகச் சிவந்து கிடந்தது. கயிற்றைவிட அதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கூசியது. என் மானக்கேட்டை இந்த நூலா சுமக்க வேண்டும்?

“லேஸை அளந்து விலை சொல்லும், மிஸ்டர் பிராக்,” என்றார் நீதிபதி.

பிராக் தன் கஜக்கோலை உறையிலிருந்து உருவினார். அது கடையை விட்டு வெளியே வந்தது அன்றுதான். முனையிலிருந்து முனைவரை சிவந்திருந்தது. கஜத்துக்கு இரண்டு விரற்கடை குறைவான கோல் அது.

“சாயம் பூசினீரா, பிராக்?” என்றார் ஜூரியில் இருந்த ரொட்டிக்காரர்.

பிராக் தரையைப் பார்த்தார். “பூச்சி அரித்த லேஸ், ஐயா. ஒரு ஷில்லிங் தேறினால் அதிகம். அந்த அம்மாளுக்கே கொடுத்துவிடுகிறேன்.”

கொடுத்துவிட்டால் திருட்டில்லையே. லேஸ் வெளுத்தது. அந்தச் சிவப்பும் எங்காவது போகத்தானே வேண்டும்? ஹெஸ்டரின் முகத்தில் ஏறியது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

காவலர் அருகே வந்து உற்றுப் பார்த்தார். “இந்த முகம் எந்தக் கடையில் எடுத்தது?”

“எங்கம்மா கொடுத்தது, ஐயா.”

“எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.”

உடையவர் வந்து கேட்டால் முகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைத் தொப்பி போட்ட பேத்தியை ஏந்திக்கொண்டு ஹெஸ்டர் தேவாலய வாசலில் நின்றாள். வியாபாரிகள் வரிசையாக வந்து, அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக வந்த பிராக் வெகுநேரம் பார்த்தார்.

“இது என்னுடையது, அம்மா,” என்றார்.

கொடுக்க அவளுக்கு மனமில்லை. இன்னொருவர் பொருள் என்றான பிறகு வைத்துக்கொள்ள முடியுமா? முகத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அங்கேயே போட்டுப் பார்த்தார். கஜக்கோல் வைக்காமலே அளவு சரியாக இருந்தது.

அது சரி, இதைக் கேட்டதிலிருந்து உங்கள் காதுமடல் சிவந்துகொண்டே வருகிறது. கதை எங்கே கிடைத்தது என்று யாராவது பிடித்துக் கேட்டால், என் பெயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.