சிவப்புக் கதவு இருந்த சுவர்

எங்கள் வீட்டுச் சிவப்புக் கதவைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பச் சொன்னது நான்தான். யாரையும் கேட்கவில்லை. டர்பன் நகர ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் வேலையில் முதுகொடிந்து சேர்த்த காசு; என் சமையலறை அலமாரிகளுக்கு அந்த இடம்தான் வேண்டும். மாட்டுப்பட்டியைப் பார்த்து எதற்கு ஒரு வாசல்? தார் ரோட்டைப் பார்த்துப் புது வாசல், பச்சைக் கதவு. தூசி ஆகாது என்று அம்மாவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். கொத்தனார் குமேடேயும் வேலையை முடிக்கப் பறந்துகொண்டிருந்தார். டிசம்பர் பாதி தாண்டினால் கிறிஸ்துமஸ் லீவு, இந்த நாட்டில் எந்தக் கொத்தனாரும் கரண்டியைத் தொடமாட்டான்.

அந்த வாரம்தான் பெகிதெம்பா சித்தப்பா என் தம்பி லுங்கேலோவை அழைத்துவரப் போயிருந்தார். அவன் ஜூன் மாதம் வடக்கே சுரங்கத்துக்குள் செத்துப்போனான். உடம்பை அப்போதே ஊரில் புதைத்தாயிற்று. ஆனால் உடம்பு வந்தாலும் ஆள் செத்த இடத்திலேயே நிற்பான் என்பது எங்கள் வழக்கம். இலந்தைக் கிளையோடு போய்க் கூப்பிட்டு, அதைப் பற்றிக்கொண்டு வருபவனிடம் வழி நெடுகப் பேசிக்கொண்டே கூட்டிவர வேண்டும். மினிபஸ்ஸில் அவனுக்கும் ஒரு சீட் உண்டு. "ஆத்த தாண்டுறோம்டா", "இங்க இறங்கணும்டா" என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தில் வழி தெரியாமல் நின்றுவிடுவான்.

கிளையைக் கையில் எடுத்தபின் வேறு யாரோடும் பேசக்கூடாது. அதனால் அதற்கு முன்பே போன் செய்தார் சித்தப்பா.

"நொம்புசோ, வீட்ல எதையாவது மாத்திட்டியா? அவங்கிட்ட சொல்லணும்."

சொன்னால் அம்மா காதுக்குப் போகும், வேலை நிற்கும்.

"ஒண்ணும் மாத்தல சித்தப்பா. நீங்க கூட்டிட்டு வாங்க."

ஓடைக்கரை வளைவில் கூரை தெரிந்ததும் சித்தப்பா அவனை முன்னே விட்டிருக்கிறார். "இனிமே உனக்கு வழி தெரியும்டா. சிவப்புக் கதவ அடியில ஒரு உதை விட்டு உள்ள போ. நான் மெதுவா வர்றேன்." அந்தக் கதவு மழையில் ஊதி அடியில் பிடிக்கும், நாங்கள் எல்லோரும் உதைத்துத்தான் திறப்போம். மேடேறி வந்தவர் வெறும் சுவரைப் பார்த்துக் கிளையோடு நின்றுவிட்டார். முன்னே போனவனுக்கு உள்ளே போக வழியில்லை.

மறுநாள் வீடு திரும்பிய அம்மா சாயங்காலம் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரிக்குப் பின்னால் சுவரில் இரண்டு தட்டல், அடியில் ஒரு உதை.

"எலிம்மா," என்றேன்.

"ஏன், எலி பூட்ஸ் போட்டுட்டு வந்திருக்கோ?" என்றாள் அம்மா, கத்தியைக் கீழே வைக்காமல்.

வெளியே போய்ப் பார்த்தேன். யாருமில்லை. சுவரின் அடியில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து கிடந்தது. காய்ந்து இறுகிப்போன பூச்சு. அதில் சுரங்க பூட்ஸின் முனை அழுத்தமாகப் பதிந்திருந்தது. அடுத்த நாளும் அதே நேரம், அதே சத்தம். அதற்கடுத்த நாளும்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் சாப்பாடு எடுத்துவைத்து, அவனுக்கும் ஒரு தட்டு வைத்தோம். சித்தப்பா கிளையை என் கையில் திணித்தார்.

"பொய் சொன்னவ நீ. நீயே போய்க் கூப்பிடு."

மூவருமே வெளியே வந்தோம். உள்ளே ஒருத்தரும் இல்லை. சுவர் முன்னால் நின்று கிளையை நீட்டினேன்.

"லுங்கேலோ, அக்காடா. கதவ நான்தான் எடுத்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "போன கிறிஸ்துமஸுக்கும் நான்தான்டா. அம்மா ராத்திரி ஜெபத்துக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தா. கூரைத் தகடு வாங்க நான் குடுத்த காச குடிச்சுத் தொலைச்சிட்டு வந்தியேன்னு ஆத்திரம். நீ மழையில நின்னு 'அக்கா, நான்தான்'னு தட்டினப்ப, உள்ள தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னேன். தொறக்கல. மன்னிச்சிடுடா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாட்டுப்பட்டியில் நனைந்து கிடந்து விடிந்ததும் போய்விட்டதை அன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

கிளையோடு நடந்தேன். "இப்படி வா. இது மணல் குவியல், பாத்து வா. இங்க திரும்பணும்." மூலை வந்ததும் கை நீட்டினேன். "அதோ, பச்சைக் கதவு. உதைக்க வேண்டாம், திறந்துதான் இருக்கு. நீ முன்னாடி போ."

கையில் கிளையின் கனம் சட்டென்று குறைந்தது. திறந்து கிடந்த கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. அம்மா மணலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சாப்பிடுறான்," என்றாள். தூறல் விழுந்தது. சித்தப்பா அவளை எழுப்பி மாட்டுப்பட்டியை ஒட்டிய கொட்டகைக்குள் கூட்டிப்போனார். என்னைக் கூப்பிடவில்லை.

நான் கதவைத் தட்டினேன்.

"தம்பி, நான்தான்டா. அக்கா."

கரண்டிச் சத்தம் நின்றது. கனமான பூட்ஸ் நடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. தாழ்ப்பாளில் கை வைக்கிற சின்னச் சத்தம். அது எனக்குத் தெரிந்த சத்தம்தான். தாழ்ப்பாள் நகரவில்லை.

மழை வலுத்தது. நான் மறுபடியும் தட்டினேன்.