கடிச்சுக்கிட்டே இரு

காலையில் ஆஷ்லினின் கீழுதடு ஒரு பக்கம் வீங்கித் தொங்கியது. உள்பக்கம் வெள்ளையாகப் புண். ஏழு வயதுப் பிள்ளை, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் டம்ளரைத் தள்ளிவிட்டாள். முந்தின நாள்தான் நீடாமங்கலத்தில் பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அவள் அப்பா ரெமிஜியஸ் உடனே டாக்டருக்குப் போன் செய்தார். "வீட்டுல எப்படிப் பாத்துக்கணும்னு உங்க நர்ஸு ஒரு வார்த்தை சொல்லல டாக்டர். பிள்ளை வாயைப் பாத்தா வயிறு எரியுது."

"மன்னிச்சுக்குங்க சார். ரசியா மேல இது ரெண்டாவது புகார். இன்னையோட அவங்களை நிறுத்திடறேன்," என்றார் டாக்டரம்மா.

போனை வைத்தபோது நியாயம் செய்துவிட்ட நிறைவு இருந்தது ரெமிஜியஸுக்கு. தெருவில் அவர்தான் அன்பியத் தலைவர். வாரம் ஒரு வீட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டி ஜெபம் நடத்துகிறவர். அவர் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

மனைவி அமலோற்பவம் நொய்க்கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ரெமிஜியஸ் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்.

"புண்ணுல படாம அந்தப் பக்கமா வாங்கிக்கடா தங்கம்."

நாலு கரண்டி உள்ளே போனது. பிறகு ஆஷ்லின் கேட்டாள். "அப்பா, இன்னும் கடிக்கணுமா?"

"எதைம்மா?"

"உதட்டை. டாக்டர் வச்ச பஞ்சு நெல்லுல விழுந்துடுச்சு. நீங்கதான கடிச்சுக்கிட்டே இரு, அப்பா சொல்ற வரைக்கும் விடாதன்னீங்க? அதான் உதட்டைக் கடிச்சுக்கிட்டே இருந்தேன். நேத்து வலிக்கவே இல்லப்பா."

கரண்டி அப்படியே நின்றது.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் காதில் போனோடு நின்றது நினைவுக்கு வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்க வந்துவிட்டார்கள், உடனே வரச் சொன்னார்கள். வண்டியைக் கிளப்பும்போது ரசியா பேகம் பின்னாலேயே ஓடி வந்தாள். "பஞ்சு அரை மணி நேரந்தான் சார். அப்புறம் எடுத்துப் போட்டுடுங்க. உதடு மரத்துக் கிடக்கும், கடிச்சாலும் பிள்ளைக்குத் தெரியாது. மூணு மணி நேரம் பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க." அவர் தலையாட்டினார். நெல் குவியலின் ஓரத்தில் பிள்ளையை உட்கார வைத்தார், பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார், போனவர் இரண்டு மணி நேரம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்ன சொல்லைப் பிள்ளை தட்டவில்லை.

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த நர்ஸுப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலன்னீங்க?"

"சொல்லுச்சு."

"ஜெபம் சொல்ல மட்டும் நல்லா வாய் திறக்குது உங்களுக்கு."

அவர் போனை எடுத்தார். போனில் சொன்னால் முகம் தெரியாது. அப்படித் தோன்றியதே அவரைக் கூச வைத்தது. போனை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவர் போகும் சர்ச்சுக்கே வருகிற லூர்துராஜும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரசியா சிவந்த கண்களோடு தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் அறை வாசலில் நின்றிருந்தார்.

"டாக்டர், காலையில நான் சொன்னது பொய்," என்றார் ரெமிஜியஸ். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "பொய். இந்தம்மா வண்டி வரைக்கும் ஓடி வந்து சொன்னாங்க. நான் காதுல வாங்கல. பிள்ளையைத் தனியா உட்கார வச்சுட்டுப் போயிட்டேன்."

"அன்பியத் தலைவரா இப்படி?" என்றார் லூர்துராஜ், வலியையும் மறந்து. யாரோ சிரித்தார்கள்.

"நானும் ரசியாகிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே முடிவு பண்ணிட்டேன். பையை வச்சுட்டு உள்ள வாங்க ரசியா," என்றார் டாக்டர்.

"மன்னிச்சுடுங்கம்மா," என்றார் ரெமிஜியஸ்.

ரசியா பையைக் கீழே வைத்தாள். "பாப்பா ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

"நாலு கரண்டி கஞ்சி."

"சூடா குடுத்தீங்களா?"

"இல்ல, ஆத்தித்தான்."

"அது போதும். உறைப்பு வேணாம். வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில மெதுவா வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க. உதட்டுல தேங்காண்ணெய் தடவி விடுங்க. அந்த வெள்ளை சீழ் இல்ல, பயப்படாதீங்க. ஒரு வாரத்துல ஆறிடும். வீக்கம் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

நேற்று சொன்ன அதே குரல். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பார். தன் வேலைக்கு உலை வைத்தவனின் பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கிறவளை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் தலையைக் குனிந்தபடி.