ஒரு வரி பின்னால்

எலும்பு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் அவளை எல்லாரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். போனில் ஒருவர் "முட்டி வலிங்க, ரெண்டு மாசமா..." என்று இழுத்து முடிப்பதற்குள் எந்த டாக்டர், எந்த நாள், எத்தனை மணி என்று மூன்றையும் சொல்லி முடித்திருப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வலது காதில் போன், இடது காதில் திரை வாசிப்பான். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. அவள் வைத்திருந்த வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது. பக்கத்து இருக்கைக்காரி ஒருமுறை ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, சூடான சட்டியில தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு சனி ஞாயிறில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை மின்னல் உட்கார்ந்து கடவுச்சொல்லைப் போட்டதும், வழக்கமாக "புதிய பதிவு", "தேடு", "சேமி" என்று வரிசையாகச் சொல்லும் குரல், "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை.

சிஸ்டம்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடியும் "பட்டன், பட்டன்" தான்.

"இன்னைக்கு எல்லா ஃப்ளோர்லயும் ஏதாவது ஒண்ணு இழுத்துட்டு நிக்குதும்மா. பிரிண்டரே வேலை செய்யல. மதியம் வந்து பாக்குறேன், சமாளிச்சுக்கோங்க" என்று போய்விட்டார்.

ஏழு பேர் லைனில் காத்திருந்தார்கள். மின்னலுக்குச் சமாளிக்கத் தெரியும். எட்டு வருடம் விரல் பழகிய இடம். மூன்றாவது பட்டன் சேமி, இரண்டாவது தேடு என்று எண்ணி எண்ணி அழுத்தினாள். நாட்களின் பட்டியலுக்குப் போனால் குரல் தெளிவாகத்தான் படித்தது. திங்கள், செவ்வாய், புதன். செவ்வாய் என்று சொன்ன இடத்தில் நிறுத்தி எண்டர் தட்டினாள். முன்பெல்லாம் சேமித்ததும் பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லும். அன்று "ஓகே" என்று மட்டும் சொன்னது. பரவாயில்லை, பட்டியலை ஒழுங்காகப் படிக்கிறதே என்று அடுத்த போனை எடுத்தாள்.

பட்டியலைக் குரல் ஒழுங்காகப் படிக்கவில்லை. திரையில் குறி ஒரு வரி கீழே போனபிறகும் குரல் அதற்கு முந்தைய வரியைப் படித்துக்கொண்டிருந்தது. அவள் காதில் செவ்வாய் விழும்போது திரையில் புதன் தேர்வாகியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு இது தெரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காத்திருப்புக் கூடத்தில் குரல்கள் உயர்ந்தன. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பதினான்கு பேரின் பெயரும் அன்றைய பட்டியலில் இல்லை.

"போன் பண்ணித்தானே வந்தோம்! செவ்வாக்கிழமை பத்து மணின்னு சொன்னாங்க. அம்மாவுக்கு இடுப்புலேருந்து கட்டு. ரெண்டு பஸ் மாறி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு வந்திருக்கோம். நாளைக்கு வான்னா எப்படி வர்றது?" ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, "விடுடி, விடுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தது மின்னலுக்குக் கேட்டது. அந்த அம்மாள் ஒன்றேகால் மணிவரை சக்கர நாற்காலியில் காத்திருந்தார்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். யாரையும் எல்லார் முன்னாலும் திட்டமாட்டார். "மின்னல், கொஞ்சம் ரூமுக்கு வாம்மா" என்றார். உள்ளே, பதிவுசெய்த அழைப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை பத்து மணிங்க, உறுதி. பழைய எக்ஸ்ரே இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க." அவளுடைய குரல்தான். உற்சாகமாக இருந்தது.

"எனக்குச் செவ்வாய்னுதான் சார் கேட்டுச்சு."

"நீ பொய் சொல்லமாட்டேன்னு தெரியும்மா. எனக்குப் புரியணும்ல."

அவரையும் சிஸ்டம்காரரையும் தன் இருக்கைக்குக் கூட்டிவந்தாள். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள். அவர்களுக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு மெதுவாக அந்தக் குரலை அவளே பல வருடமாகக் கேட்டதில்லை. அம்புக்குறியைத் தட்டினாள்.

"செவ்வாய்" என்றது குரல்.

"திரையில புதன்ல நிக்குது சார்" என்றார் சிஸ்டம்காரர்.

இன்னொரு முறை தட்டினாள். "புதன்."

"இப்போ வியாழன்."

மேற்பார்வையாளர் சிஸ்டம்காரர் பக்கம் திரும்பி, "பழையதையே திரும்பப் போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றார்.

"தலைமை அலுவலகம் விடாது சார். பாதுகாப்பு விஷயம்னு உத்தரவு. அந்தப் படிக்கிற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அதைச் செஞ்சவங்க இதுக்கேத்த மாதிரி மாத்தித் தரணும்."

"எப்போ தருவாங்க?"

"அது சொல்ல முடியாது சார். அவங்களைக் கேட்டா இயங்குதளக்காரங்களைக் கை காட்டுவாங்க, இவங்களைக் கேட்டா அவங்களை."

இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். மின்னல் விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

சரியாகும்வரை அவளைப் பின்கட்டு அறைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே உறைகளை மடிக்கிற வேலை. பெரிய தடித்த காகிதம், மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை, ஐம்பது சேர்ந்ததும் ஒரு ரப்பர் பேண்ட். அங்கேயும் அவள் கை வேகம்தான். ஒரு வாரத்துக்கு வைத்திருந்ததை இரண்டாம் நாள் மதியத்துக்குள் முடித்துவிட்டாள். "மெதுவா பண்ணும்மா, காகிதம் வெள்ளிக்கிழமைதான் வரும்" என்றார் ஸ்டோர்காரர். அதற்குப்பிறகு மெதுவாகச் செய்தாள். மெதுவாகச் செய்வது கஷ்டமாகக்கூட இல்லை.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அக்கா தையல்காரி. முன்னறை முழுக்க அவளுடைய மெஷினும் துணி மூட்டைகளும்.

"நீ ஒரு வார்த்தை கேக்கலையாடி? நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்."

"யாரைக் கேக்குறது?"

அக்கா மெஷினை நிறுத்தி யோசித்தாள். "அந்த சிஸ்டம்காரனை."

"அவர் என்ன பண்ணுவார் பாவம்."

"அப்போ உங்க சாரை."

"அவர் நல்லாத்தான் பேசினார்."

"நல்லாப் பேசி உறை மடிக்க உட்கார வெச்சுட்டார். நல்ல கதைதான்." மெஷின் மறுபடி ஓடியது. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அக்கா திடீரென்று, "ஐயோ, இன்னைக்கு எதுலயுமே உப்பு போடல. நீ பாட்டுக்குத் தின்னுட்டியே!" என்றாள். மின்னலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டு லேப்டாப்பிலும் அதே புதிய பதிப்பு. அஞ்சல் பெட்டிக்குள் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைப் படிக்கச் சொன்னாள்.

"மேல ஒரு வட்டம் இருக்கு. அதுக்குப் பக்கத்துல பல்சக்கரம். இந்தப் பக்கம் ஒரு பொம்பளை சிரிக்கிறா, விளம்பரம் போல. கீழ என்னமோ போட்டிருக்கு, இரு... 'இன்னும் அரை மணி நேரத்தில் மழை'. ஏய், மாடியில துணி காயுதுடி!" அக்கா எழுந்து ஓடினாள். மின்னல் திறந்த லேப்டாப்பின் முன்னால் காத்திருந்தாள். சத்தமாகச் சிரிக்கவேண்டிய இடம் அது என்று தெரிந்தது.

துணியோடு திரும்பிவந்த அக்கா, மின்னல் தேடச் சொன்ன கடிதத்தைக் கண்டுபிடித்தாள். வெளியீட்டுக்கு நான்கு மாதம் முன்பே இயங்குதள நிறுவனத்தார் புதிய பதிப்பின் சோதனை வடிவத்தைப் பார்வையற்ற பயனர்கள் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள். மின்னலும் வாங்கிப் பார்த்தாள். பட்டியலைக் குரல் ஒரு வரி பின்னால் படிக்கிறது என்று விவரமாக எழுதி அனுப்பியதும் அவள்தான். அதற்கு வந்த பதிலை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "தாங்கள் தெரிவித்த பிழை சரிசெய்யப்பட்டுவிட்டது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி."

"சரி பண்ணிட்டாங்கன்னு நம்பிட்டேன்க்கா. அதனாலதான் பட்டியலைச் சந்தேகப்படவே இல்ல."

"நன்றி வேற போட்டிருக்கானுங்க" என்றாள் அக்கா. மடிக்க எடுத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு தங்கையின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

பதினோராம் நாள் மதிய இடைவேளையில் மின்னல் பக்கத்து இருக்கைக்காரியிடம் அந்தக் கட்டுப்போட்ட அம்மாளின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று போன் செய்தாள். மகள் எடுத்தாள்.

"எலும்பு ஆஸ்பத்திரிலேருந்து பேசுறேங்க. அன்னைக்கு உங்களுக்கு நாளைத் தப்பாப் போட்டது நான்தான். மன்னிச்சுக்குங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

மறுமுனையில் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. "இப்போ எதுக்குங்க இது? அம்மா நல்லாத்தான் இருக்காங்க. நாங்க வேற இடத்துல பாத்துக்கிறோம்" என்றாள் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேலையாக இருக்கிறாள், அவ்வளவுதான். மின்னல் "சரிங்க" என்று வைத்துவிட்டு உறை மடிக்கப் போனாள்.

திருத்தம் இருபத்துநான்காம் நாள் வந்தது. சிஸ்டம்காரரே பின்கட்டு அறைக்கு வந்து, "வந்துடுச்சும்மா! போட்டுட்டேன், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். மின்னல் பட்டியலில் மேலும் கீழுமாக இருபது தடவை போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் திரையைப் பார்த்து, "சரி... சரி... சரியா சொல்லுது" என்றார். பட்டன்களுக்கும் பெயர் திரும்பியிருந்தது.

அவளுடைய பழைய இருக்கையில் இப்போது வேறொரு பெண் இருந்தாள். நன்றாகச் செய்கிறாளாம், எழுப்பவேண்டாம் என்று மேற்பார்வையாளர் சுவரோரமாக மின்னலுக்கு வேறு மேஜை போட்டுக் கொடுத்தார். "உனக்கு இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றாள். உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை.

குரலின் வேகத்தைப் பழைய அளவுக்கு ஏற்றிப் பார்த்தாள். முதல் பதிவிலேயே கை நின்றுவிட்டது. பாதிக்கும் கீழே இறக்கினாள். ஒவ்வொரு பதிவையும் சேமித்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், பெயரையும் நாளையும் நேரத்தையும் கேட்டு உறுதி செய்தபிறகுதான் நோயாளியிடம் சொன்னாள். நாளுக்கு நூற்றுப்பத்து அழைப்பு எடுத்தவள் அறுபதைத் தாண்டவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மின்னல் என்று கூப்பிடுவதையும் யாரும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள், தோள்பட்டை வலிக்காக ஒரு பெரியவர் பேசினார். "ஒரு நிமிஷம் இருங்க, சரிபார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். இரண்டாவது முறையாகச் சரிபார்த்தாள். மூன்றாவது முறைக்குப் போனபோது அவர் பொறுமையிழந்தார்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவோ?"

"இல்லங்க ஐயா, நான்தான்" என்றாள் மின்னல். பிறகு, வியாழக்கிழமை பதினோரு மணி என்று சொல்லி, பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துவரச் சொன்னாள்.