கிளச் இல்லாத கார்

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், இந்தக் கார் நகர்ந்துவிடும். ஓடும்போது இல்லாத வேலையெல்லாம் நிற்கும்போதுதான். யாருக்கு இது தெரியப்போகிறது?

செந்தாமரை பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை. காவலூர் மலைப்பாதையின் வளைவில், புளி மூட்டை ஏற்றிய லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. பத்துப் பேர் அதை நெம்பித் தள்ளத் தள்ள, பின்னால் பஸ் முழம் முழமாக முன்னேறியது. பஸ்ஸுக்குப் பின்னால் அவள் கார். இன்ஜினை அணைக்கவும் பயம். பேட்டரி சரியில்லை. கிளச் இல்லாத இந்த வண்டியைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள், அதன் நிழலில், காருக்கு இரண்டடி முன்னால் நின்றிருந்தார்கள்.

"கியரே போட வேணாமாம் இதுக்கு. அதுவே போவுதாம்."

"அப்ப அந்தம்மா இன்னாத்துக்கு?"

"சும்மா, பொம்ம மாதிரி உக்காந்துகினு வர்றதுக்கு!"

சிரித்தார்கள். செந்தாமரைக்கும் சிரிப்பு வந்தது. கெண்டைக்கால் மட்டும் விண்ணென்று வலித்தது.

மலேசியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காரை, திரும்பிப் போகும்போது செந்தாமரையின் அண்ணன் அவளிடம் விட்டுப்போனார். அவள் கணவர் கண்ணாயிரம் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். முதல் நாள் இதை எடுத்தபோது, பழக்கதோஷத்தில் இடது கால் கிளச்சை மிதிக்கப் போய், அகலமான பிரேக்கை மிதித்துவிட்டது. குலுங்கி நின்ற வண்டியில் பதறிப்போய், வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்த, புளியமரத்தில் போய் மோதியது. வலது கால் முறிந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார். அவளும் அப்படியே சொன்னாள். அவர் மாவுக்கட்டோடு கிடந்த நாட்களில்தான், ஏரிக்கரைச் சாலையில் பழகி லைசென்ஸ் வாங்கினாள்.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து சீட்டில் அவருடைய இடது கால் கிளச்சை மிதிப்பது போல விரிப்பை அழுத்துவதை அவள் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். பார்க்காதது போல.

பஸ்ஸிலிருந்து கண்ணாயிரத்தின் அண்ணன் கோபால்சாமி இறங்கி வந்தார். அவர் மகளின் நிச்சயத்துக்குத்தான் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள். ஜன்னலில் குனிந்து தம்பியிடம் சொன்னார்:

"டேய், இன்னும் ரெண்டு மைல்தான். பொண்டாட்டி வண்டி ஓட்ட, நீ பக்கத்துல குந்திகினு போய் எறங்குனா, பையன் வூட்டுக்காரங்க இன்னாடா நெனப்பாங்க? கால்தான் சரியாயிடுச்சே. மாத்தி உக்காருங்க."

கண்ணாயிரம் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அண்ணன் தலை நிமிர்ந்ததும் மெல்லக் கேட்டார், "கொஞ்ச தூரந்தானே, தாமர. எறங்கேன்."

அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. வேண்டாம் என்று அவளே சொல்லிவிட மாட்டாளா என்பது போலவும் இருந்தது; சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. எத்தனையோ மலை ஏறி இறங்கியவர். இந்த ஒரு மிதிகட்டையைக் கண்டு நடுங்குவதை அண்ணனிடம் எப்படிச் சொல்வார்? அவள் சொல்லலாம். நாய் எதுவும் வரவில்லை, மாமா என்று ஒரு வாக்கியம் போதும். அதற்குப் பிறகு அவர் இந்தக் காரில் மட்டுமல்ல, எந்தக் காரிலும் நிமிர்ந்து உட்கார மாட்டார்.

முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, இடுப்பில் இருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். லாரிப் பக்கம் கூச்சல் கேட்டது. வழி கிடைத்துவிட்டது போலிருந்தது.

"இன்னாம்மா, எறங்கு. பஸ்ஸு கெளம்புது," என்றார் கோபால்சாமி.

"இல்லீங்க மாமா," என்றாள் செந்தாமரை. "நானே ஓட்டிட்டு வர்றேன். முன்னால இருக்கறவங்கள கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க."