பிடா என்றால் பிடி

போர்வை மடிக்கிற நேரம் வந்தால் அவளுக்கு இன்றைக்கும் காது ஒரு பக்கமாகச் சாயும். எதிர்முனையில் நிற்பது மகள்தான். விடுமுறைக்கு வந்தவள், ஒரு கையில் கைபேசியும் மறு கையில் துணியின் முனையுமாக நிற்பாள். ஆனாலும் அந்த முனையிலிருந்து வேறு ஒரு குரல் வரும் என்று அவள் காத்திருப்பாள். கரகரத்த குரல், நீராவியில் வெந்த குரல். "பிடா!"

மகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். "நான் சொல்லட்டுமாம்மா?" என்பாள்.

"போடி. நீ சொன்னா அது மாதிரி வராது."

அந்தக் குரல் ஒலித்த சலவைக்கூடத்தை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் அப்போது பாலர் காப்பகத்துக்குப் போகிற பொடிசு; குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் கப்பல் பட்டறையில் வெல்டர். கண்ணாடி முகமூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாள் முழுக்க வாயை மூடியிருக்கிற வேலை என்பதால் அவனுக்குப் பிழைக்க வந்த ஊரின் ஃபின்னிஷ் மொழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவளுக்குத்தான். கடைக்குப் போக, குட்டியைக் காப்பகத்தில் விட, மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல. அவளோ ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். தன் பாஷையிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். இங்கே திறந்தாலும் உள்ளேயிருந்து எடுத்து வைக்க ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்டவளைச் சலவைக்கூடத்தில் வேலைக்கு எடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் படுக்கை விரிப்புகளும் மலை மலையாக வந்து இறங்குகிற இடம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவள் அகன்ற தோளும் ஒட்ட வெட்டிய நரைமுடியும் கொண்ட ஒரு பெண்மணி. அவள் பெயரை இவளால் உச்சரிக்க முடியவில்லை. மனதுக்குள் மேஸ்திரியம்மா என்று வைத்துக்கொண்டாள்.

முதல் நாள், பெரிய இஸ்திரி உருளையிலிருந்து வெந்து வெளியே வந்த விரிப்பின் ஒரு முனையை மேஸ்திரியம்மா இவள் பக்கம் வீசினாள். "பிடா!"

இவள் பிடித்துவிட்டாள். கை பிடித்த பிறகுதான் மனசு திடுக்கிட்டது.

அன்று சாயங்காலம் வெல்டர் கைகழுவ நின்ற இடத்திலேயே அவனை மறித்தாள். "என்னங்க, அந்த மேஸ்திரியம்மா தமிழ் பேசுது."

"என்னது?"

"போர்வையத் தூக்கிப் போட்டு 'பிடிடா'ங்குது."

"தமிழா பேசுது? அது சரி, உன்னை எதுக்கு 'டா' போடுது?"

"அதான் எனக்கும் கோவம்."

மறுநாள் வெல்டர் பட்டறையில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தான். "அவங்க பாஷையிலயும் பிடின்னா பிடிதானாம். 'டா'ங்கிறது மரியாதைக் குறைச்சல் இல்ல, அந்த வார்த்தையோட வாலு. இன்னொண்ணு கேளு. அவன், அவள்னு ரெண்டு வார்த்தையே அவங்களுக்குக் கிடையாதாம். ரெண்டுக்கும் ஒண்ணுதான். அப்படிப்பட்டவங்க உன்னை எங்க 'டா' போட்டுக் கூப்பிடப் போறாங்க?"

"இல்லைன்னு சொல்றதுக்கு 'ஏய்'ங்கிறாங்களே, அது?"

"அதுக்கும் நீ சண்டைக்குப் போயிடாத தாயே."

இருவரும் சிரித்ததில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அதைவிடப் பெரிய அதிசயம் வந்தது. இவளோடு ஜோடியாக நின்று மடிக்கிறவள் ஆறடிக்குக் குறையாத நெட்டை. இடைவேளையில் காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, கண்ணை மூடி, "பிடான்" என்றாள். கோப்பையைத்தான் பிடித்திருக்கிறாளே, அதை எதற்குச் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிப் பார்த்தவள் அடுப்பை அணைக்க மறந்துபோனாள்.

"என்னங்க! கையில பிடிக்கிறதுக்கும் மனசுக்குப் பிடிக்கிறதுக்கும் ஒரே வார்த்தை. நம்ம மாதிரியே! 'பித்தா'ன்னு போட்டிருக்கு. அதுதான் 'பிடா', 'பிடான்'னு மாறுதாம்."

"பித்தாவா? பைத்தியக்காரனைக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"எங்கயோ இருக்கிற பாஷைங்க. எப்படிங்க நம்ம வார்த்தை அங்க போச்சு?"

"போகலையாம். தற்செயலாம். கேட்டுட்டேன்."

அவள் அதை நம்பவில்லை. நம்பப் பிடிக்கவில்லை. மற்ற வார்த்தைகளையெல்லாம் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருந்தது. இது ஒன்று மட்டும் கூடவே நடந்து வந்தது. தெரியாத ஊர்க் கூட்டத்தில் அம்மா வழிச் சொந்தம் ஒருத்தியைக் கண்டுகொண்ட மாதிரி. சொந்தமாயிற்றே, சந்தேகப்படுவார்களா? அங்கேதான் கோட்டை விட்டாள்.

வேலை முடிகிற மணி அடித்ததும் நெட்டை தன் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு தினமும் ஒரே வாக்கியம் சொல்லுவாள். "மினுன் பித்தா மென்னா." மென்னா என்றால் போக. மினுன் என்றால் என், எனக்கு. ஆக, எனக்குப் போகப் பிடிக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போக யாருக்குத்தான் பிடிக்காது? இவளும் சிரித்துத் தலையாட்டினாள். எனக்குப் பிடிக்கும் என்பதற்கு மினுன் பித்தா. நம்ம தமிழ் மாதிரியே எத்தனை லட்சணமாக இருக்கிறது!

பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்ற நாள்கள் முடிகிற தறுவாயில் மேஸ்திரியம்மா அவளைத் தன் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தாள். ஏதோ நீளமாகக் கேட்டாள். அதில் "பிடாத்கோ" என்பது மட்டும் விளக்குப் போட்ட மாதிரித் தெரிந்தது. இந்த வேலை பிடிக்கிறதா என்கிறாள்! அவள் எதிர்பார்த்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி.

"மினுன் பித்தா!" என்றாள்.

மேஸ்திரியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். குரலை இறக்கி மறுபடியும் கேட்டாள். இவள் ஒரு கையை நெஞ்சில் வைத்து, எவ்வளவு பிடிக்கும் என்று தெரியட்டும் என்று அழுத்திச் சொன்னாள். "மினுன் பித்தா. மினுன் பித்தா."

மேஸ்திரியம்மா அவளுடைய சூடுபட்டுச் சிவந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து தோளைத் தட்டி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெல்ல என்னவோ சொன்னாள். அதற்குள் ஒரு "ஏய்" இருந்தது.

மறுநாள் காலையில் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தாள். அங்கே ஆளுக்கொரு நிறத்தில் துணி கிளிப். யார் எந்த மேஜையில் என்று அதை வைத்துத்தான் தெரியும். மடிக்கிற மேஜைக்கு நேரே நெட்டையின் பச்சை கிளிப் தனியாக இருந்தது. இவளுடைய மஞ்சள் கிளிப் அடியில் கட்டிய கயிற்றில் தொங்கியது. வேலையை விட்டுப் போனவர்களின் கிளிப்புகள் தொங்குகிற கயிறு அது. அந்த வாரத்தோடு சரி என்று யாரும் சொல்லாமலே விளங்கியது.

"சரியா மடிக்கலையோ என்னவோ," என்றாள் வெல்டரிடம்.

"விடு. வேற எடம் கிடைக்காமலா போயிடும்?"

கிடைக்கும். ஆனால் எதை விடச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. குளிர்ந்த காலையில் முதல் விரிப்பு கையில் வந்து விழுகிறபோது முழங்கை வரைக்கும் ஏறுகிற வெதுவெதுப்பு. இருவரும் முனைகளைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து, விரல் விரலைத் தொட, முனையைக் கைமாற்றிவிட்டுப் பிரிந்து போவது. பேச்சே இல்லாமல் ஒருத்தியோடு இத்தனை நெருங்க முடியும் என்று அவள் அறிந்ததில்லை. எத்தனாவது வரை படித்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அவள் மடித்தால் பொருந்தியது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் குட்டியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கால் நடந்ததே தவிர மனசு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் குட்டி காலைப் பின்னிக்கொண்டு நின்றுவிட்டாள். காப்பகத்துப் பழக்கத்தில் வாயில் ஃபின்னிஷ்தான் வந்தது.

"மினுன் பித்தா பிஸ்ஸத்தா!"

மூத்திரம் போகிறதுக்குத்தான் பிஸ்ஸத்தா என்பார்கள். அவளுக்கு எரிச்சல் வந்தது. "அதுல என்னடி பிடிக்கிறது உனக்கு? நட!"

"பிடிக்கும் இல்லம்மா!" குட்டி குதித்தாள். "போயே ஆகணும்! போயே ஆகணும்!"

அவள் சாவியைத் துவாரத்தில் நுழைத்தபடியே நின்றுவிட்டாள். "என்னடி சொன்ன?"

"போயே ஆகணும்மா, கதவைத் தொற!"

கதவைத் திறந்தாள். குட்டி ஓடினாள். அவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். மினுன் பித்தா. எனக்குப் பிடிக்கும் இல்லை. நான் செய்தே ஆக வேண்டும். இந்த வேலை பிடிக்கிறதா? செய்தே ஆகணும். நிஜமாகவா? நெஞ்சில் கையை வைத்து, செய்தே ஆகணும், செய்தே ஆகணும். யார் அடித்து அனுப்புகிறார்களோ, பாவம் என்று அந்த அம்மா நினைத்திருப்பாள். வேண்டாம் தாயே, நீ கஷ்டப்பட வேண்டாம் என்றுதான் தோளைத் தட்டியிருக்கிறாள்.

வெல்டர் வந்ததும் விஷயத்தைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஃபின்னிஷ் பாடப் புத்தகத்தை எடுத்தான். விரலை வைத்து வாசித்தான். "இங்க இருக்கு பாரு, இது பிடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு. மினா பிடான் தாஸ்தா. மினான்னா நான். பிடான், பிடிக்கிறேன். தாஸ்தா, இதிலேருந்து."

"எனக்குங்கிறது எங்க?"

"எனக்கு இல்ல. நான்."

"எனக்குத்தானேங்க பிடிக்கும்?"

"இங்க அதுவா வந்து உனக்குப் பிடிக்காதாம். நீதான் போய்ப் பிடிக்கணுமாம். அதுவும் அதுலேருந்து."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது எங்கோ போய் உட்கார்ந்தது. எனக்குத் தெரியாது, எனக்கு வேண்டாம், எனக்கு ஒண்ணும் இல்ல. அவள் இதுவரை பேசியதெல்லாம் அப்படித்தான். நான் என்று ஆரம்பித்து எதையாவது உரக்கச் சொன்னதாக ஞாபகமே இல்லை. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். மினா. மினா.

மறுநாள் நெட்டை வர நேரமானது. உருளை சுற்ற ஆரம்பித்துவிட்டதால் மேஸ்திரியம்மாவே மேஜைக்கு வந்து நின்றாள். முதல் விரிப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. முனையை இவள் பக்கம் வீசினாள். "பிடா!"

அவள் பிடித்தாள். வழக்கப்படி நாலு எட்டு எதிரே நடந்து போக வேண்டும். போகவில்லை. விரிப்பு இருவருக்கும் நடுவே தொட்டில் மாதிரித் தொங்கியது. மேஸ்திரியம்மா புருவத்தைத் தூக்கினாள்.

அவள் "பித்தா..." என்று ஆரம்பித்துத் தலையைப் பலமாக ஆட்டினாள். "ஏய்! பித்தா, ஏய்!" உருளைச் சத்தத்தையும் மீறிக் குரல் வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். விரிப்பின் முனைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மினா. மினா பிடான். தாஸ்தா."

மேஸ்திரியம்மா அவளைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் புதைந்திருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு அந்த அகன்ற முகத்தில் மெல்ல ஒன்று விடிந்தது. ஒரு குறும்பும் கூடவே வந்தது. "கீன்னி?" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. ஆனால் இனிமேல் எதற்கும் இல்லை என்று சொல்வதில்லை என்றிருந்தாள். "யோ!" என்றாள். ஆமாம்.

மேஸ்திரியம்மா சிரித்த சிரிப்பில் விரிப்பு முழுக்க அலை அடித்தது. கையிலிருந்த முனையைத் தோளில் போட்டுக்கொண்டு, விரிப்போடு இவளையும் இழுத்துக்கொண்டு பலகைக்கு நடந்தாள். கயிற்றிலிருந்து மஞ்சள் கிளிப்பைக் கழற்றிப் பச்சைக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதற்குள் விரிப்பு தரையில் புரண்டுவிட்டது. அதை மறுபடியும் சலவைக்குப் போட வேண்டியதாயிற்று.

கீன்னி என்றால் என்னவென்று பிற்பாடு குட்டிதான் சொன்னாள். பிடானோடு அதையும் சேர்த்துச் சொன்னால் பிடித்திருக்கிறது என்று ஆகாதாம், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடுமாம்.

"அந்த அம்மா என்ன கேட்டுச்சுன்னே தெரியாம 'யோ'ன்னியா?" என்று மகள் இன்றைக்கும் கேட்டுச் சிரிப்பாள்.

"தெரிஞ்சிருந்தாலும் அதையேதான்டி சொல்லியிருப்பேன். போனை வெச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடி."