லாசருக்கு வாங்கிய ஃபேன்

பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் பெர்னதெத்துக்கு அந்தப் புது டேபிள் ஃபேனைப் பார்த்தாலே வயிறு எரியும். நோயாளிப் புருஷன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள் கண்ணுகளா, முழுதும் கேளுங்கள்.

லாசருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். ஆண் ஹார்மோனைத் தின்றுதான் அது வளர்கிறது என்று சொல்லி, அந்தச் சுரப்பையே அடக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி என்றார் டாக்டர். "உடம்பு குப்புனு சூடாகும். பொம்பளைங்களுக்குத் தீட்டு நிக்கிறப்போ வருமே, அதேதான்" என்றும் சொன்னார்.

சொன்னபடியே வந்தது. டிசம்பர் குளிரில் மனுஷருக்குச் சட்டை நனைந்தது. மகள் சோஃபியா அன்றைக்கே ஃபேன் வாங்கி வந்தாள். எதிர்வீட்டு ஆஞ்சலா இளநீர் அனுப்பினாள். கோயிலில்கூடக் காற்று வரும் ஜன்னலோரம் அவருக்கென்று இடம் விட்டார்கள்.

பெர்னதெத்துக்கு அதே சூடு வந்த காலத்தில், "பெங்களூர் குளிர்ல எவளாவது ஃபேன் போடுவாளா?" என்று சுவிட்சை அணைத்தவர் இதே லாசர்.

அடுத்த ஊசிக்கான நாள் வந்தது. லாசர் கட்டிலைவிட்டு எழவில்லை.

"வேணாம்மா சோஃபி. இப்படி வேகறதுக்கு, நோய் வளர்ந்தா வளரட்டும்."

"டாடி, ப்ளீஸ் டாடி..." மகள் அழுதே விட்டாள்.

அந்த அழுகைதான் பெர்னதெத்துக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு வந்தப்ப யாருடி அழுதீங்க? வருஷக்கணக்கா வெந்தேன். மம்மிக்கு எப்பவும் சிடுசிடுப்புன்னு சிரிச்சீங்க. இவருக்கு மட்டும் ஃபேனு, இளநீரு, கண்ணீரு! ஏங்க, உங்க சூட்டுக்கு உசுராவது மிஞ்சும். எனக்கு என்ன மிஞ்சுச்சு?"

லாசர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப நீ என்னதான் பண்ணே பெர்னா?"

"பின்னாடி துவைக்கிற கல்லுமேல உக்காந்து, ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுக்குவேன்."

"எனக்கும் ஒண்ணு நனைச்சுக் குடு."

கழுத்தில் துண்டோடு, பெர்னதெத்தையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார். ஊசி போட்ட நர்ஸிடம், "இதை என் பொண்டாட்டி வருஷக்கணக்கா தாங்குனாம்மா. நான் ஃபேனை அணைச்சேன்" என்றார்.

"எவ்ளோ நல்ல மனசு சார் உங்களுக்கு!" என்று உருகிப்போனாள் நர்ஸ்.

அதிலும் பேர் அவருக்குத்தான்! வீட்டுக்கு வந்ததும் பெர்னதெத் ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது அவளுக்குச் சூடெல்லாம் ஒன்றும் கிடையாது.

லாசர் துண்டை மறுபடி நனைக்கத் துவைக்கிற கல் பக்கம் போனார்.