கட்டு அவிழ்ந்த கடிதங்கள்

இரண்டு பல்கலைக்கழகங்கள் சுபாஷினிக்கு முதுகலையில் இடம் கொடுத்திருந்தன. ஒன்றில் வரலாறு மட்டும், ஓராண்டு. மற்றதில் வரலாறும் ஆவணக் காப்பும் சேர்த்து இரண்டாண்டு. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அண்ணனிடம் சொல்லாமல் அவள் எதையும் முடிவு செய்ததில்லை.

அண்ணன் சிவநேசன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை மேற்பார்வையாளர். ஒரு லாட்டில், அதாவது ஒரே தொகுதியாக, செய்த பாகங்களை இன்னொரு லாட்டோடு கலக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

“பேப்பர அடுக்கி வைக்க எதுக்குலா ரெண்டு வருசம்?” என்றான்.

“அடுக்கத் தெரியாமத்தான் கெடுத்தேண்ணே.”

சென்ற ஆண்டு ஒரு சங்கம் தன் உறுப்பினர் குடும்பங்களின் பழைய கடிதப் பெட்டியை வரிசைப்படுத்தித் தரும்படி அவளிடம் ஒப்படைத்தது. குடும்பத்துக்கு ஒரு கட்டு. அவள் கட்டுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்தாள். பல கடிதங்களில் பெயர் இல்லை. எது யார் வீட்டுக் கடிதம் என்று இனிச் சொல்ல முடியாது.

அவள் இதைச் சொன்னதும் சிவநேசன் நிமிர்ந்தான். “லாட்ட கலந்துட்டியா?”

“கலந்துட்டேன்.”

“எங்க கம்பெனியா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க.”

“ரெண்டு இடத்துக்கும் விண்ணப்பத்துல அத அப்படியே எழுதினேன். ரெண்டு வருசம் சொன்னவங்க மட்டும் நேர்காணல்ல அதப் பத்தி முக்கா மணி நேரம் கேட்டாங்க.”



“லாட்ட கலந்தத தானா ஒத்துக்கிட்ட ஆள நான் பதினோரு வருசமா பாத்ததில்ல,” என்றான். “அவங்ககிட்டயே போ.”

அவள் பதிலை அனுப்பினாள். அதற்குள் அவன் கைப்பேசியில் நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “என் தங்கச்சிதான். பேப்பர அடுக்கி வைக்கிறது லேசான வேலை இல்லலா.”